பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி: 2,000 ரூபாய்க்குள் எது தேறும்?

கேட்டவர் சென்னையில் வேலை பார்ப்பவர். தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் போக மனமில்லை. வேலை என்று பார்த்தால் பார்சல் பிரிப்பது, ஆபீஸில் பழம் நறுக்குவது, வீட்டில் சணலோ ஒயரோ அறுப்பது, அவ்வளவுதான். ஆன்லைனில் 499 ரூபாய்க்குக் கறுப்புப் பூச்சோடு ‘டி2 ஸ்டீல், டாக்டிகல்’ என்று போட்டிருக்கும், ராணுவப் பாணிக் கத்தியை வாங்கலாமா, இல்லை ஒபினெல், விக்டோரினாக்ஸ் என்ற ஐரோப்பியக் கம்பெனிகள் பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறார். தான் இடதுகைக்காரர் என்பதையும் கடைசியில் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரு வரியில் பதில்: 499 ரூபாய்க் கத்தி வேண்டாம். ஒபினெல் 7 அல்லது 8 (எண் என்பது அளவு), துருப்பிடிக்காத வகை. இல்லையென்றால் விக்டோரினாக்ஸில் சிறிய மாடல்களில் ஒன்று. இரண்டில் எது என்பது நீங்கள் பழம் அதிகம் நறுக்குகிறீர்களா, பார்சல் அதிகம் பிரிக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஏன் என்று கேட்டால்தான் கதை நீளும்.

கத்தி வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீலில் ஆரம்பிக்கிறார்கள். எந்த ஸ்டீல், எவ்வளவு கடினம் என்று இரவெல்லாம் வீடியோ பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கத்தியை நீங்கள் வெளியே எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்பதுதான். அடுத்தது அலகு எவ்வளவு மெல்லியது. அப்புறம், திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் பூட்டு. இந்த மூன்றும் சரியாக அமைந்த கத்தியில் ஸ்டீல் சுமாராக இருந்தாலும் காலம் தள்ளலாம். மூன்றும் சரியில்லாத கத்தியில் உலகத்திலேயே உசத்தியான ஸ்டீல் இருந்தும் பிரயோஜனமில்லை.

சட்டத்தை முடித்துவிடலாம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருடத்தது. அதன் கீழ் இப்போது இருப்பவை 2016-இன் விதிகள். அவற்றின் அட்டவணையில் கூர்மையான ஆயுதங்கள் ஒரு தனி வகையாக வருகின்றன: வாள், குத்துவாள், ஈட்டி இவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை விலக்கு. இதை மட்டும் படித்துவிட்டு ‘அப்படியானால் எட்டு அங்குலக் கத்தியைப் பையில் வைத்துக்கொள்ளலாம்’ என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதம் செய்யலாம், ஆனால் அதை ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டியிருக்கும். டெல்லியில் 1980-இலேயே ஒரு தனி அறிவிக்கை வந்து, 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்ற அளவைத் தாண்டிய கத்திகளுக்குக் கெடுபிடி வந்துவிட்டது. பட்டன் கத்தி (பட்டனை அழுத்தினால் திறப்பது) வைத்திருந்ததாக அங்கே போடப்படும் வழக்குகளில் அந்த அறிவிக்கையைத்தான் காட்டுவார்கள். இதுபோக, பதற்றமான நேரங்களில் முன்பு 144 என்று சொன்ன, இப்போது புதிய சட்டத்தில் 163-ஆம் பிரிவாகிவிட்ட தடையுத்தரவு வரும். அந்தச் சமயத்தில் ஒரு பேனாக்கத்தியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

ஆகவே எண்களை மனப்பாடம் செய்வதைவிட, இரவு பத்து மணிக்கு வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லும் காவலரின் கண்ணால் பாருங்கள். மரக் கைப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி, கூடவே டிபன் பாக்ஸும் ஒரு ஆப்பிளும் இருந்தால், அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடத்தான் வாய்ப்பு அதிகம். கறுப்பு அலகு, முதுகில் பல், கைப்பிடியில் மண்டையோடு, கட்டைவிரல் பட்டதும் ‘டக்’ என்று பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங். இதற்கு நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. அந்த 499 ரூபாய்க் கத்தி செய்கிற முதல் தவறே இதுதான். மாம்பழம் நறுக்க வாங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

விமானத்தில் கைப்பையில் கத்தி எந்த அளவிலும் கூடாது. செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மெட்ரோ, நீதிமன்றம், பெரிய மால் என ஸ்கேனர் இருக்கிற இடங்களுக்குப் போகிற நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாசலில் பறிகொடுத்தால் திரும்பக் கிடைக்காது. லண்டன் பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று: பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டு இருந்தாலே அது வேறு கணக்கு. நான் கீழே சிபாரிசு செய்யப்போகும் ஒபினெல் 8, நீளம், பூட்டு இரண்டிலும் அங்கே அடிபட்டுப் போகும். விக்டோரினாக்ஸின் சிறிய, பூட்டில்லாத மாடல்கள் தேறும்.

இனி அலகு. ஒரு கேரட்டை எடுத்துக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். சமையலறைக் கத்தி சத்தமில்லாமல் இறங்கும். தடித்த டாக்டிகல் கத்தி பாதி தூரம் இறங்கியதும் ‘டப்’ என்று கேரட்டைப் பிளந்துவிடும். கூர் குறைவு என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தீட்டுவார்கள். குறை கூரில் இல்லை. கூருக்கு மேலே இருக்கிற உலோகம் ஆப்பு மாதிரி தடித்து நிற்கிறது. மலிவான கத்திகளில் முதுகுத் தடிமன் 3 மி.மீ., சமயத்தில் அதற்கும் மேல். ஒபினெல் 8-இன் முதுகு 2 மி.மீ.கூட வராது; அதோடு அகலவாக்கில் மெல்ல மெல்லச் சரிந்து வந்து கூரில் காகிதம் போல் முடிகிறது. ஆப்பிள், கொய்யா, மாங்காய் எதுவானாலும் அதன் வித்தியாசம் முதல் வெட்டிலேயே தெரியும். இதற்கு விலையும் உண்டு: மெல்லிய அலகால் நெம்பக் கூடாது. பெயின்ட் டப்பா மூடியைக் கிளப்பினால் நுனி போய்விடும். அந்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது.

நீளம் 6 முதல் 8.5 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் பழம் வெட்ட வசதிதான், ஆனால் பையில் இருந்து எடுக்கவே தயங்குவீர்கள்.

பூட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் விரல் போகிற சமாச்சாரம் இது. மடக்குக் கத்தியில் அடிப்படையாக இரண்டு ஜாதி. ஒன்று, பூட்டே இல்லாமல் முதுகுப்பக்கத்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் திறந்து நிற்பது. தாத்தா காலத்துப் பேனாக்கத்தியும் விக்டோரினாக்ஸின் சிறிய கத்திகளும் இந்த வகை. வெட்டும்போது விசை அலகைத் திறந்த நிலைக்கே தள்ளுவதால் ஆபத்து இல்லை. நுனியால் குத்தினால் மட்டும் அலகு மடங்கி விரல் மேல் வரும். அட்டைப்பெட்டியில் நுனியைக் குத்தி இறக்குகிற பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஜாதி, பூட்டு உள்ளவை. இதில் ரகம் பல. இன்றைக்கு அதிகம் புழங்குவது லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கிற ஒரு தகடு, அலகு முழுதாகத் திறந்ததும் பக்கவாட்டில் வளைந்து அதன் அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். நல்ல தகடு, சரியான கோணம் இருந்தால் நம்பகமானது. மலிவுக் கத்தியில் சிக்கனம் செய்கிற இடமும் இதுதான்: தகடு மெல்லிசு, அலகின் அடியில் ஓரத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகில் லேசாகத் தட்டினாலே நழுவும். பூட்டு இருக்கிறது என்கிற தைரியத்தில் நீங்கள் குத்துவீர்கள், அது மடங்கும். அதைவிடப் பூட்டே இல்லாத கத்தி பாதுகாப்பானது. அதை யாரும் அப்படி நம்பிக் குத்த மாட்டார்கள்.

ஒபினெலின் பூட்டு வேறு மாதிரி, நான் பார்த்தவற்றில் மிக எளிமையானது. கைப்பிடியின் தலையில் ஒரு உலோக வளையம், அதில் ஒரு பிளவு. பிளவு அலகுக்கு நேராக இருக்கும்போது கத்தியைத் திறக்கலாம், மடக்கலாம். திறந்த பிறகு வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருகு; பிளவு நகர்ந்து, வளையத்தின் உடம்பு அலகின் வழியை மறித்துக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, திருகாணி இல்லை. தேய்மானம் வந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம் திருகினால் சரி. பூட்டியிருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளாது. நீங்கள்தான் திருக வேண்டும். மூன்றாம் நாள் அது கைப்பழக்கமாகிவிடும்.

அந்த வளையத்துக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் இந்தக் கத்தியைச் செய்யத் தொடங்கினார். விவசாயிகள் ரொட்டி, சீஸ் வெட்டவும் திராட்சைக் கொடி கவ்வாத்து செய்யவும் வைத்துக்கொண்ட சாதாரணக் கத்தி. 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகளைப் பிரித்தார்கள். 1909-இல் கிரீடம் வைத்த கை முத்திரை வந்தது. இன்றைக்கும் அலகில் அதைப் பார்க்கலாம். பூட்டு வளையத்தை மார்செல் ஒபினெல் 1955-இல்தான் சேர்த்தார். இப்போது 6-ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றில் அது இருக்கிறது, சிறியவற்றில் இல்லை. 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., 7-ஆம் எண் 8 செ.மீ. கத்தி மொத்தமும் சுமார் 45 கிராம்தான். சட்டைப் பையில் போட்டால் சட்டை தொங்காது, அதுவும் முக்கியம். நம் ஊரில் பேன்ட் பையில் ஏற்கெனவே போன், சாவி, பர்ஸ் மூன்றும் இடம் பிடித்துவிட்டன.

ஒபினெலில் இரண்டு ஸ்டீல் வரும்: கார்பன், ஸ்டெயின்லெஸ். ஐரோப்பியர்களில் பலர் கார்பனைக் கொண்டாடுவார்கள். தீட்டுவதற்கு சுகம், கூர் நன்றாக ஏறும். அவர்கள் ஊர் வேறு. சென்னையிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ கார்பன் கத்தியில் ஒரு மாங்காயை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வையுங்கள், மதியத்துக்குள் அலகு நீலமும் சாம்பலுமாக மாறியிருக்கும். அந்தக் கறை கெடுதல் இல்லை, சொல்லப்போனால் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனால் அடுத்த பழத்தில் இரும்பு வாடை வரும். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் செந்துரு வந்துவிடும். துடைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கார்பன் வேண்டாம். அலகில் ‘இனாக்ஸ்’ என்று பிரெஞ்சில் பொறித்திருப்பதை வாங்குங்கள். அது ஸ்வீடன் நாட்டு 12சி27 ஸ்டீல். மெல்லிசாகத் தீட்டிய கூர் அதில் நன்றாக நிற்கும், சமையலறையிலும் நிற்கும்.

ஒபினெலுக்கு ஒரு பெரிய குறை உண்டு, வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கைப்பிடி பீச் மரம். தண்ணீர் பட்டால் ஊறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்துக்கே உப்பி, அலகைக் கவ்விக்கொண்டு திறக்க விடாது. நகம் உடையும் வரை இழுக்காதீர்கள். சவோய் ஆட்கள் செய்கிற தந்திரம்: மடக்கிய கத்தியின் பின்பக்க நுனியை மேசையில் ஒரு தட்டு தட்டினால், அலகின் முனை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். வாங்கியதுமே வளையத்தைக் கழற்றி, மரத்தின் பிளவுக்குள் நைசான உப்புக்காகிதம் ஒன்றை மடித்துவிட்டு நாலு இழுப்பு இழுத்து, ஆளி விதை எண்ணெய் தடவிக் காயவிட்டால் தொல்லை பாதியாகக் குறையும். கழுவும்போது அலகை மட்டும் கழுவுங்கள். ஊற வைப்பது கூடவே கூடாது.

விக்டோரினாக்ஸ் பக்கம் வருவோம். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்ஸனர் 1884-இல் பட்டறை போட்டார், 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் மூதாதையான ‘ஆபீஸர்’ கத்தி 1897-ஐச் சேர்ந்தது. இவர்கள் ஸ்டீல் வேண்டுமென்றே கொஞ்சம் மிருதுவானது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 வாக்கில்தான் இருக்கும்; வீடியோ விமர்சகர்கள் 60-க்குக் கீழே இருந்தால் மதிக்க மாட்டார்கள். ஆனால் துரு கிட்டே வராது, மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடியில் தேய்த்தே கூர் ஏற்றலாம். தினசரி வேலைக்கு அதுதான் வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டில் அதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கிளாசிக் எஸ்.டி.: மடக்கினால் 58 மி.மீ., எடை 22 கிராம் அளவு, சாவிக்கொத்தில் தொங்கும். அலகு 4 செ.மீ.கூட இல்லை, பழம் நறுக்க லாயக்கில்லை. ஆனால் அதில் இருக்கிற குட்டிக் கத்தரிக்கோல் ஒரு அற்புதம். பார்சல் டேப், மாத்திரைப் பட்டை, சட்டையில் தொங்கும் நூல், நகம் எல்லாவற்றுக்கும் அலகைவிட அதுதான் கைக்கு வரும். ஆபீஸில் எடுத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று 84 மி.மீ. வரிசையில் வரும் பான்டம் போன்ற மெல்லிய மாடல்: ஒரு பெரிய அலகு, டப்பாவும் பாட்டிலும் திறக்கிற ஒரு கருவி, அவ்வளவுதான். 91 மி.மீ. ஸ்பார்ட்டன் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம். அதில் இருக்கிற கார்க் திருகியை நம் வீடுகளில் இறுகிய முடிச்சை அவிழ்க்கத்தான் பயன்படுத்துவோம். அதற்கு அருமையான கருவி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போலி பற்றிய எச்சரிக்கை விக்டோரினாக்ஸுக்குத்தான் அதிகம் தேவை. நடைபாதைக் கடைகளிலும் ஆன்லைனிலும் சிவப்பு நிறம், வெள்ளைச் சிலுவை போட்டு 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். பெரிய அலகின் அடியில், கைப்பிடியில் சேரும் இடத்தில், நிறுவனப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற வரியும் சுத்தமாகப் பொறித்திருக்க வேண்டும். திறக்கும்போதும் மூடும்போதும் ‘சளக்’ என்று சத்தமும் இறுக்கமும் ஒரே மாதிரி இருக்கும். போலியில் ஒரு கருவி கல்லாக இருக்கும், பக்கத்தில் இருப்பது தொளதொளக்கும். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

சீனக் கத்திகளை மொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. கான்சோ, சான்ரென்மு, ரூயிக்கே போன்றவை விலைக்கு மேல் வேலை செய்து கொடுக்கிற கம்பெனிகள். பூட்டும் இறுக்கமும் 499 ரூபாய் ரகத்தோடு ஒப்பிடவே முடியாது. நமக்குப் பிரச்சினை கிடைப்பதில்தான். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் கடை இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு நேரடியாக வரவழைக்கும் வழி அடைபட்டுவிட்டது. இப்போது இறக்குமதி செய்து விற்பவர்கள் வைப்பதுதான் விலை, அசலா என்பதும் அவர்கள் வாக்குதான். நம்பகமான ஆளிடம் நியாயமான விலையில் கிடைத்தால், கறுப்புப் பூச்சு இல்லாத, ஸ்பிரிங் உதவி இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கலாம். கிடைக்காவிட்டால் தேடி அலைய அவசியமில்லை.

ஸ்டீலைக் கடைசியில் வைப்பேன் என்றேன். டி2 பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன். டி2 உண்மையில் அச்சு, பஞ்ச் செய்யும் தொழிற்சாலைகளின் ஸ்டீல். கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீத அளவு. காகிதத்தில் பார்த்தால் ஸ்டெயின்லெஸ் மாதிரி தெரியும், ஆனால் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டித் துகள்களாகப் போய்விடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கடலோர ஊரில் வியர்வைப் பையில் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மை. மழுங்கியபின் வீட்டுக் கல்லில் ஏற்றுவது பெரும்பாடு என்பதும் உண்மை. அதுவும் உண்மையான டி2-வாக இருந்து, சூடேற்றிப் பதப்படுத்துவதை ஒழுங்காகச் செய்திருந்தால். 499 ரூபாயில் டி2 என்று பொறித்திருப்பது அலகில் போட்ட எழுத்து, அவ்வளவுதான். பட்ஜெட் கத்தியில் 12சி27, 14சி28என், 8சிஆர்13எம்ஓவி இந்த மூன்று ஸ்டீல்களில் எது இருந்தாலும் நிம்மதியாக வாங்கலாம். நடுவில் உள்ளது கொஞ்சம் உசத்தி.

இந்தியத் தயாரிப்பு ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். பெயர் பெற்றது உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்திதான். 2023-இல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடி நீளத்தில் ஒன்றைச் செய்தே நிறுத்திவிட்டார்கள். கைவேலை அழகு, அலமாரியில் வைக்கலாம். பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டிய பொருள் அல்ல அது.

கையில் கிடைத்ததும் சோதிக்க வேண்டியவை. திறந்து, அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. மடக்கி மேலிருந்து பாருங்கள். அலகு கைப்பிடியின் நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கத் தகட்டை உரசக் கூடாது. மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். அலகு எட்டிப் பார்த்தால் பைக்குள்ளும் திறந்துகொள்ளும். லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடியில் குறைந்தது கால்பாகமாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், விரல்களை வழியில் வைக்காமல் முதுகை மேசை விளிம்பில் அழுத்துங்கள். கடைசியாக, விளக்கு வெளிச்சத்தில் அலகின் கூர் விளிம்பை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடியுங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. எங்கே வெள்ளையாக மினுங்குகிறதோ அங்கே மழுங்கலோ பிசிறோ இருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

தீட்டுவதற்குத் தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் வேலை சரி. மெல்லிய அலகை ஓடுகிற சக்கரத்தில் வைத்தால் தீப்பொறி பறக்கும், நுனி நீலமாகும், பதம் போய்விடும். அப்புறம் அந்தக் கத்தியில் கூர் நிற்காது. ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் இரட்டைக் கல் கேளுங்கள், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். நம் சென்னைக் கம்பெனியான கார்போரண்டம் யுனிவர்சல் இதைச் செய்கிறது. தச்சர்கள் எல்லோரிடமும் இருக்கும். தண்ணீர் விட்டு, முதுகைக் கல்லிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. மட்டும் உயர்த்தி, கல்லை மெல்லிசாகச் சீவுவது போல் தள்ளுங்கள். மறுபக்கத்தில் விரல் நுனிக்குப் பிசிறு தட்டுப்படும் வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம். முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும். செய்தித்தாளை நிற்க வைத்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் இறங்கினால் போதும்.

அலகு மடங்குகிற இணைப்பில் விடுவதற்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசின் மாதிரி ஆகி அழுக்கைச் சேர்க்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். உணவில் படுகிற கத்தி என்று தயங்கினால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கிக்கொள்ளுங்கள், அதே வேலையைச் செய்யும்.

பார்சல் பிரிப்பது மட்டுமே வேலை, பழமெல்லாம் சும்மா சொன்னது என்றால், எதையும் வாங்காமல் 50 ரூபாய் ஸ்டேஷனரி கட்டர் ஒன்றை மேசையில் போட்டுவிடுங்கள். மழுங்கிய துண்டை ஒடித்து எறிகிற அந்த அலகை 1956-இல் ஒசாகாவில் ஒகாடா யோஷியோ கண்டுபிடித்தார். அட்டையும் டேப்பும் அறுக்க இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. டேப்பின் பசை உங்கள் நல்ல கத்தியில் ஒட்டாமலும் இருக்கும்.

இடதுகை விஷயம். அலகைத் திறக்க நகம் வைத்து இழுக்கிற பள்ளம் பெரும்பாலான கத்திகளில் வலதுகைக்காரருக்குத் தோதான பக்கத்தில்தான் இருக்கும். லைனர் லாக்கும் வலது கட்டைவிரலுக்காகச் செய்ததே. இடதுகையில் பிடித்தால் தகட்டை ஆள்காட்டி விரலால் தள்ள வேண்டிவரும், அது விரலை அலகின் பாதையில் கொண்டுபோய் வைக்கும். அந்த வகையை நீங்கள் தவிர்ப்பதே நல்லது. ஒபினெல் இடதுகைக்காரருக்கென்றே 8-ஆம் எண்ணில் ஒரு தனிக் கத்தி செய்கிறது. இந்தியாவில் தேடிக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண 8-ஐயே எடுத்து, பள்ளத்தைத் தேடாமல் அலகின் முதுகை இரண்டு விரலால் கிள்ளித் திறந்து பழகுங்கள். வளையம் எந்தக் கையாலும் திருகும். விக்டோரினாக்ஸ் கிளாசிக்கில் உங்களுக்கு உறுத்தப்போவது கத்தரிக்கோல் ஒன்றுதான். கடையில் வாங்குவதாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தை இடதுகையால் வெட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.